மூக்கு தேய்ந்த பொம்மை

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. பழைய சாமான் கடைகளுக்குப் பேர் போன தெரு. வாசலில் தேக்குத் தூண்கள் சாய்ந்து நிற்கும். உள்ளே போனால் எனாமல் தூக்குச்சட்டி, பித்தளை விளக்கு, ரசம் போன நிலைக்கண்ணாடி, ரவிவர்மா படம், கை ஒடிந்த நாற்காலி, ஓடாத கடிகாரம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும்.

இவற்றின் நடுவே, ஏதாவது ஓர் அலமாரியின் மேல் தட்டில் பொம்மைகள் உட்கார்ந்திருக்கும்.

தூண் வாங்க வந்தவர் தூணைப் பார்ப்பார். அவருடன் வந்த மனைவி மட்டும் அந்த அலமாரியின் முன்னால் நின்றுவிடுவார்.

"இதே மாதிரி எங்கள் வீட்டில் ஒன்று இருந்ததே!" என்பார்.

கடைக்காரர்களுக்கு இது பழகிப்போன வார்த்தை. இப்படிச் சொன்னவர் கறாராக விலை பேச மாட்டார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். "எடுத்துப் பாருங்கள் ஆச்சி, நூறு வருஷத்துப் பொம்மை" என்று கையில் கொடுத்து விடுவார்கள். கையில் வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்க மனம் வருமா?

ஆனால் கையில் வாங்கியதும் முதலில் வருவது ஆச்சரியம்தான். "இவ்வளவு சின்னதாகவா இருந்தது?" என்று தோன்றும். பொம்மை சின்னதாகவில்லை. அன்றைக்குப் பிடித்த கை சின்னக் கை. அவ்வளவுதான்.

ஞாபகத்தை நம்பிப் பொம்மை வாங்கினால் ஏமாற வேண்டியதுதான். எது பழைய பொம்மை, எது பழையதுபோல் செய்த பொம்மை, எது ஒரு குழந்தை உண்மையிலேயே வைத்து விளையாடியது என்று கண்டுபிடிக்க வழிகள் உண்டு. பெரிய படிப்பு வேண்டாம். நல்ல கண்ணும், ஒரு சின்ன டார்ச் விளக்கும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

எங்கிருந்து வந்தவை?

காரைக்குடிக்குச் சீமைப் பொம்மை எப்படி வந்தது? கப்பலில்தான் வந்தது.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கடல் கடந்து கொண்டுவிற்கப் போனவர்கள். 1930களில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலங்களில் ஏறக்குறையக் கால் பங்கு அவர்கள் கையில் இருந்தது. கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர் துறைமுகங்களில் ஜெர்மனிச் சாமானும் ஜப்பான் சாமானும் வந்து குவியும் காலம் அது. ஊருக்குத் திரும்புகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? பீங்கான் ஜாடி வந்தது. எனாமல் பாத்திரம் வந்தது. கண்ணாடி விளக்கு வந்தது. பெண் குழந்தைக்குப் பொம்மையும் வந்தது.

கல்யாணத்தின்போது பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைப்பது செட்டிநாட்டு வழக்கம். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், எனாமல், மரச் சாமான், பாய், தலையணை என்று ஒரு பெரிய கூடமே நிறைந்துவிடும். அந்தப் பரப்பில் மரப்பாச்சிக்கும் இடம் உண்டு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் பெரிய வீட்டில் ஓர் அறை. வந்த சாமான் அத்தனையும் அந்த அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

1942ல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்தது. பலர் போட்ட முதலை எல்லாம் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பின்னால் நிலமும் திரும்பவில்லை. வருமானம் சுருங்கியது. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போயின. பாகப்பிரிவினை வந்தது. ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளி, இருபது பங்காளி. வீட்டைப் பங்கு போட முடியவில்லை. சாமானை விற்றுப் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பூட்டிக் கிடந்த அறைகள் அப்படித்தான் திறந்தன. பொம்மைகளும் தெருவுக்கு வந்தன.

பூட்டி வைத்த பொம்மை

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கடையில் பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறதே சீமைப் பொம்மை, அது எப்படி அப்படி இருக்கிறது?

யாரும் அதை வைத்து விளையாடவில்லை. அதுதான் ரகசியம்.

"தொடாதே, உடைந்துவிடும்!" என்று சொல்லிக் கண்ணாடிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். சாவி அப்பத்தாவின் இடுப்பில். விருந்தாளி வந்தால் பீரோவைக் காட்டுவார்கள். பொம்மைக்கு உரியவளான சிறுமி மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு வெளியில் நின்று பார்த்தாள். பொம்மை உள்ளே நின்று பார்த்தது. இருவருக்கும் வயதாகிவிட்டது.

பொம்மை சேகரிப்பவர்கள் இப்படிப்பட்டதைத்தான் அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். வந்த பெட்டியோடு இருந்தால் இன்னும் விலை. போட்ட சட்டை மாறாமல் இருந்தால் இன்னும் ஒரு படி மேலே. பொம்மை சந்தையின் விசித்திரம் இது. குழந்தை தொட்ட பொம்மைக்கு விலை குறைவு. குழந்தையை ஏங்க வைத்த பொம்மைக்கு விலை அதிகம்.

ஆகவே கடைக்குப் போகும்போதே ஒரு முடிவோடு போக வேண்டும். அழகுக்காக, முதலீட்டுக்காக வாங்குவதா? அல்லது சிறு வயதில் மடியில் கிடந்த பொம்மையைத் தேடுவதா? இரண்டுக்கும் பார்வை வேறு. முதலாவதற்குக் குறை இருக்கக்கூடாது. இரண்டாவதற்குக் குறை இருந்தே தீர வேண்டும்.

கழுத்தின் பின்னால் பாருங்கள்

முதலில் பீங்கான் பொம்மை.

மேல்நாட்டுப் பொம்மைகளில் பெயர்பெற்றவை மெருகிடாத பீங்கான் முகம் கொண்டவை. டீக்கோப்பை மாதிரி பளபளக்காது. தோல்போல மங்கலாக இருக்கும். ஜெர்மனியில் தூரிங்கியா வட்டாரத்தில் ஊர் ஊராக இந்தத் தொழில் நடந்தது. தலை மட்டும்தான் பீங்கான். உடம்பு மரத்தூளையும் பசையையும் கலந்து அச்சில் அழுத்தியது, அல்லது தோலில் தைத்து உள்ளே தூள் அடைத்தது. கண் கண்ணாடி. படுக்க வைத்தால் சில பொம்மைகள் கண்ணை மூடும். கண்ணுக்குப் பின்னால் ஒரு ஈயக் குண்டு தொங்கும். பொம்மை சாயும்போது அது கண்ணைத் திருப்பிவிடும்.

முகத்தைப் பார்த்து மயங்காமல் பொம்மையைத் திருப்பிப் பிடியுங்கள். தலைமயிரைத் தூக்கி, கழுத்தின் பின்புறம் பாருங்கள். செய்த கம்பெனியின் எழுத்தும் அச்சின் எண்ணும் அங்கேதான் பதிந்திருக்கும். அர்மான் மார்செய் என்பது ஜெர்மனியில் பெரிய பொம்மைத் தலைக் கம்பெனி. அவர்களுடைய 390ஆம் எண் தலை உலகமெங்கும் லட்சக்கணக்கில் போன சரக்கு. அதைக் காட்டி "உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அடுத்தது நாட்டின் பெயர். அயல்நாட்டுச் சரக்கை உள்நாட்டுச் சரக்கென்று காட்டி விற்பதைத் தடுக்க பிரிட்டனில் 1887ல் ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டுச் சரக்கின் மேல் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா போட்ட சட்டம் 1891ல் அமலுக்கு வந்தது. ஆகவே 'ஜெர்மனி' என்று பதிந்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949க்கும் 1990க்கும் நடுவில். ஜப்பான் பொம்மையில் 'நிப்பான்' என்று இருந்தால் பெரும்பாலும் 1921க்கு முந்தியது. 'ஜப்பான்' என்று இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்றே சில பொம்மைகளின் அடியில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். போரில் தோற்ற ஜப்பானை அமெரிக்கப் படை ஆண்ட காலத்தில், 1952 வரை ஏற்றுமதியான சரக்கு அது. ஒரு நாட்டின் தோல்வி ஒரு பொம்மையின் பாதத்தில் எழுதப்பட்டிருக்கிறது!

முத்திரை ஒன்றுமே இல்லை என்றால் மிகப் பழையது என்று அர்த்தமா? இல்லவே இல்லை. காகிதச் சீட்டு ஒட்டியிருந்து உரிந்து போயிருக்கலாம். போன வருஷம் செய்ததாகவும் இருக்கலாம். முத்திரை இருப்பதாலேயே பழையது என்றும் நம்பிவிடக்கூடாது. பழைய அச்சைப் பார்த்துப் புதிய தலை வார்ப்பவர்கள் எண்ணையும் சேர்த்துத்தான் வார்க்கிறார்கள்.

டார்ச் விளக்கு இங்கேதான் வேண்டும். பொம்மையின் தலைக்குள் வெளிச்சம் அடித்தால், வெளியில் தெரியாத மயிரிழை விரிசல்கூடக் கருங்கோடாகத் தெரியும். ஒட்டிப் பூசிய இடம் மங்கலாகத் தெரியும். விளக்கை எடுத்ததுமே சில கடைக்காரர்களின் விலை இறங்கிவிடும்.

செட்டிநாட்டுக் கடைகளில் இன்னொரு ரகம் உண்டு. ஜெர்மனியில் செய்த பீங்கான் கிருஷ்ணர், லட்சுமி, சரஸ்வதி. ரவிவர்மா படங்களைப் பார்த்து, இந்திய வியாபாரத்துக்காகவே அங்கே வார்த்து அனுப்பினார்கள். அந்த யசோதையின் கன்னத்தில் கொஞ்சம் ஜெர்மானியச் சிவப்பு இருக்கும். யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. பூஜை அறையில் வைத்துப் பூப்போட்டார்கள்.

கர்ப்பூர வாசனை

பீங்கான் பொம்மை பணக்கார வீட்டுக்கு வந்தது. நடுத்தர வீட்டுக்கு வந்தது செலுலாயிட் பொம்மை. மெல்லிசு, காற்றுப்போல் கனம் இல்லாதது. உருண்டைக் கண், உப்பின வயிறு. தலையில் ஒரு கொத்து முடி மட்டும் நிமிர்ந்து நிற்கும் குண்டுக் குழந்தையைச் சிலர் பார்த்திருப்பார்கள். அதற்குக் கியூபி என்று பெயர். ரோஸ் ஓநீல் என்ற அமெரிக்கப் பெண்மணி 1909ல் ஒரு பத்திரிகையில் வரைந்த சித்திரம் அது. சில வருஷங்களில் ஜெர்மனியில் பீங்கானில் செய்தார்கள். பிறகு ஜப்பான்காரர்கள் செலுலாயிடில் ஊதித் தள்ளினார்கள்.

இது பழைய செலுலாயிட்தானா, இன்றைய பிளாஸ்டிக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டை விரலால் பொம்மையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்குங்கள். உடனே முகர்ந்து பாருங்கள். கர்ப்பூர வாசனை வந்தால் செலுலாயிட். ஏன் தெரியுமா? செலுலாயிட் செய்வதே கர்ப்பூரத்தைக் கலந்துதான். கர்ப்பூர மரம் நிறைந்த தைவான் தீவு 1895 முதல் 1945 வரை ஜப்பான் வசம் இருந்தது. ஜப்பான் செலுலாயிட் பொம்மையில் கொடிகட்டிப் பறந்ததற்கு அது ஒரு காரணம்.

சாமிக்கு ஏற்றும் கர்ப்பூர வாசனையும், சின்ன வயதுப் பொம்மையின் வாசனையும் ஒன்றுதான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கோவிலில் தீபாராதனை வேளையில் காரணம் இல்லாமல் சிலருக்குப் பழைய வீடு ஞாபகம் வந்தால், பக்தி மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது.

ஆனால் ஜாக்கிரதை! கர்ப்பூரத்தைப் போலவே செலுலாயிடும் சட்டென்று பற்றிக்கொள்ளும். தீக்குச்சியை நீட்டிச் சோதித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொம்மையும் போகும், கையும் வேகும். வீட்டில் அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் வைக்கக்கூடாது. காற்றில்லாத பெட்டியிலும் பூட்டக்கூடாது. நாளாவட்டத்தில் அது தானாகவே மஞ்சளித்து, வெடித்து, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். நசுங்கினால் நிமிர்த்துவது மிகக் கஷ்டம். செலுலாயிட் பொம்மை நூறு வருஷம் தாண்டி வந்திருக்கிறது என்றால், யாரோ அதை மிகவும் பத்திரமாக வைத்திருந்திருக்க வேண்டும்.

மரப்பாச்சி

இனி நம் வீட்டுப் பொம்மைக்கு வருவோம்.

மரப்பாவை என்ற சொல் மிகப் பழைய சொல். திருக்குறளில் இரண்டு இடத்தில் வருகிறது. 1020ஆம் குறளில் ஒன்று, 1058ல் ஒன்று. குறள் சொல்வது கயிறு கட்டி ஆட்டும் பாவையை. நம் வீட்டு மரப்பாச்சிக்குக் கயிறும் இல்லை, ஆட்டமும் இல்லை. நின்றது நின்றபடி இருக்கும். கை உடம்போடு ஒட்டியிருக்கும். முதுகு பெரும்பாலும் தட்டை. ராஜா, ராணி என்று ஜோடியாகத்தான் விற்பார்கள்.

திருப்பதிக்குப் போனவர்கள் லட்டோடு மரப்பாச்சியும் வாங்கி வருவார்கள். சேஷாசலம் மலைக் காட்டில் விளையும் செம்மரத்தில் கடைந்தவை அவை. கருங்காலியில் செய்ததும் உண்டு. கல்யாணத்தில் பெண்ணோடு போகும். நவராத்திரியில் எத்தனை பொம்மை புதிதாக வாங்கினாலும், பல வீடுகளில் கொலுப்படியில் முதலில் ஏறுவது மரப்பாச்சிதான்.

மரப்பாச்சியின் பெருமை கொலுவில் இல்லை. கொலு பத்து நாளில் முடிந்துவிடும். மிச்ச நாளெல்லாம் அது குழந்தையின் கையில் கிடக்கும். பல் முளைக்கும் குழந்தை அதைக் கடிக்கும், சப்பும். செம்மரம் மருந்து மரம், வாயில் வைத்தால் நல்லது என்பது பாட்டிமார்களின் நம்பிக்கை. கொஞ்சம் வளர்ந்ததும் அதற்கே தலை பின்னிவிடும், அதற்கே சோறு ஊட்டும். அம்மா திட்டினால் அதைத் திட்டும். இன்னும் வளர்ந்தால் பொம்மைக் கல்யாணம். ராஜா ஒரு வீட்டில் இருப்பார், ராணி அடுத்த வீட்டில். இலையில் புளியங்கொட்டையும் மண்ணும் விருந்து. சீர் போதவில்லை என்று சம்பந்திச் சண்டை வரும். ஏழு வயதில் அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது!

சரி, கடையில் இருக்கும் மரப்பாச்சி பழையதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கனம். செம்மரமும் கருங்காலியும் கெட்டி மரங்கள். உள்ளங்கையில் வைத்தால் அளவுக்கு மீறின கனம் தெரியும். தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கும். இப்போது கடைகளில் மலிவாக வருபவை வேறு மரங்கள். லேசாக இருக்கும். மேலே சாயம் ஏற்றியிருப்பார்கள். ஈரத் துணியால் அடியில் துடைத்தால் அந்தச் சாயம் துணியில் ஒட்டுவதுண்டு. வெட்டுப்பட்ட இடத்தைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது முகம். பழைய மரப்பாச்சியின் முகத்தில் மூக்கு இருக்காது. இருந்தாலும் பேருக்குத்தான் இருக்கும். மூக்கு, மோவாய், கொண்டையின் முனை என்று குழந்தையின் வாய்க்கு எட்டும் இடமெல்லாம் வழவழவென்று தேய்ந்திருக்கும். இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருக்கும். அது பிடிக்கும் இடம். அடிப் பீடத்தின் விளிம்பு நான்கு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. தரையில் தட்டித் தட்டி ஒரு மூலை உருண்டிருக்கும்.

மூன்றாவது இடுக்குகள். காதுக்குப் பின்னால், கைக்கும் இடுப்புக்கும் நடுவில், பாதத்தின் மடிப்பில் பாருங்கள். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு கறுத்து இறுகியிருக்கும். நெற்றியில் குங்குமம் ஊறிய கறை இருக்கும். துணி கட்டி வைத்த இடத்தில் நிறம் ஒன்றாகவும், வெளிச்சம் பட்ட முகத்தில் வேறாகவும் இருக்கும்.

பழசாக்கி விற்பவர்களுக்கும் இது தெரியும். தெரியாமலா வியாபாரம் செய்கிறார்கள்? உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிடுவார்கள். எண்ணெயில் கரியைக் குழைத்துப் பூசுவார்கள். ஆனால் உப்புத்தாளுக்குப் பசி கிடையாது. அது மூக்கையும் தேய்க்கும், முதுகையும் தேய்க்கும், எல்லா இடத்தையும் ஒரே மாதிரி தேய்க்கும். குழந்தை அப்படித் தேய்க்காது. தனக்கு வேண்டிய இடத்தை மட்டும்தான் தேய்க்கும். எங்கே பற்கள் பட்டன, எங்கே விரல்கள் அழுந்தின என்று ஒரு வழி தெரியும். உங்கள் சுண்டு விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தி உட்கார்ந்தால் அது குழந்தையின் வேலை.

பொறுமையாக உட்கார்ந்து போலி செய்ய முடியாதா என்று கேட்கலாம். முடியும். ஆனால் ஒரு குழந்தை இரண்டு மூன்று வருஷம் ராப்பகலாகச் செய்த வேலையைக் கூலிக்குச் செய்தால் கட்டுப்படி ஆகாது.

கடைக்கு வராத பொம்மைகள்

எவ்வளவு தேடினாலும் எந்தக் கடையிலும் கிடைக்காத பொம்மைகள் உண்டு. சொல்லப்போனால் அவைதான் அதிகம்.

கிழிந்த புடவைத் தலைப்பைச் சுருட்டி, நூலால் கழுத்துக் கட்டி, கரியால் கண் வரைந்த துணிப் பொம்மையை யார் கடைக்குக் கொண்டு வருவார்கள்? பனையோலையில் முடைந்த பொம்மை ஒரு மழைக்குத் தாங்காது. களிமண்ணில் பிடித்த பொம்மை சாயங்காலம் வரைதான். வயல் வேலைக்குப் போன தாய் வரப்பில் உட்கார்ந்து செய்து கொடுத்தவை இவை. நம் பாட்டிமார்களில் பெரும்பாலோர் விளையாடியது இவற்றோடுதான். ஜெர்மனிப் பீங்கானோடு அல்ல.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் ஏறக்குறைய இந்த ஜாதிதான். அடியில் கனமான மண், மேலே காகிதக் கூழ். எத்தனை தரம் தள்ளினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் தண்ணீர் பட்டால் எழுந்திருக்காது. ஆகவே மிகப் பழைய தலையாட்டி அகப்படுவது அபூர்வம். கடையில் ஒன்றைக் காட்டி "சரபோஜி காலத்துச் சரக்கு" என்றால், வண்ணத்தை உற்றுப் பாருங்கள். மேல் வண்ணம் உரிந்த இடத்தில் அடியில் இன்னொரு வண்ணம் தெரிந்தால் அது வருஷா வருஷம் கொலுவுக்காகப் பூசப்பட்டது. அதுவாவது கொஞ்சம் வயதானது என்று சொல்லலாம். இன்றும் தஞ்சாவூரில் இந்தப் பொம்மை செய்கிறார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பழையது கிடைக்காத குறையைப் புதியதே தீர்த்துவிடும்.

பிளாஸ்டிக் பொம்மைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அமுக்கினால் கீச்சென்று கத்தும் ரப்பர் பொம்மை, படுத்தால் கண் மூடும் பிளாஸ்டிக் பாப்பா ஆகியவற்றை வைத்து விளையாடியவர்களுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. அவையும் மெல்ல மெல்லப் பழைய சாமான் கடைக்குள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் "எங்கள் வீட்டில் இருந்ததே!" என்று சொல்ல ஆள் வந்துவிட்டது.

டில்லிக்குப் போகிறவர்கள் ஓர் இடம் பார்த்து வரலாம். கார்ட்டூன் சித்திரக்காரர் சங்கர் 1965ல் தொடங்கிய பொம்மைக் காட்சிச் சாலை அங்கே இருக்கிறது. ஹங்கேரி நாட்டுத் தூதர் கொடுத்த ஒரே ஒரு பொம்மையில் பிறந்த ஆசை அது. இன்று 85 நாடுகளைச் சேர்ந்த 6,000க்கும் மேற்பட்ட பொம்மைகள் அங்கே இருக்கின்றன. இனம் கண்டுபிடிக்கப் பழகுகிறவர்களுக்கு அது ஒரு பள்ளிக்கூடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை அரசாங்க அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. 1972ஆம் வருஷச் சட்டம் இது. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பழைய பொம்மையை அனுப்ப விரும்புகிறவர்கள் முதலில் தொல்லியல் துறையில் விசாரித்துக்கொள்வது நல்லது. செம்மரத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் வேறு. யானைத் தந்தப் பொம்மை என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் தொடவே வேண்டாம். தந்த வியாபாரம் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது.

இன்னொன்று. பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். வண்ணம் பூசிய பழைய பொம்மையை வாங்கி வந்து கைக்குழந்தையிடம் கொடுத்துவிடாதீர்கள்.

ஜோடி பிரிந்தது

பழைய சாமான் கடைகளில் மரப்பாச்சி ஜோடியாக இருப்பதைவிட ஒற்றையாக இருப்பதே அதிகம். ராணி இருப்பாள், ராஜா இருக்க மாட்டார். அல்லது ராஜா மட்டும் தனியாக நிற்பார்.

காரணம் கேட்டால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். வீட்டைக் காலி செய்யும்போது அண்டா, குண்டானுக்குத்தான் அண்ணன் தம்பிகள் கணக்குப் பார்ப்பார்கள். பித்தளையை நிறுத்து விற்பார்கள். மரச் சாமானை மொத்தமாக விலை பேசி வண்டியில் ஏற்றுவார்கள். அலமாரியின் இழுப்பறையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதற்குள் உருண்டுகொண்டு ராணி கடைக்குப் போய்விடுவாள். ராஜா கொலுப்பெட்டியோடு தங்கிவிடுவார்.

ஆறு மாதம் கழித்து அத்தை ஊரிலிருந்து வருவார். எழுபது வயது. வீட்டைக் கேட்க மாட்டார், நகையைக் கேட்க மாட்டார். "என் மரப்பாச்சி எங்கேடா?" என்பார். "எந்த மரப்பாச்சி அத்தை?" என்று மருமகன் விழிப்பான். அந்த ஒரு கேள்விக்கு அவன் பதில் சொல்வதற்குள், ராணி எத்தனை கை மாறியிருப்பாளோ? பட்டணத்து ஹோட்டல் ஒன்றின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றாலும் நிற்பாள்.

இழுப்பறையைத் திறந்து பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே "இது யாருடையது?" என்று கேட்டு, ஒரு சின்னக் காகிதத்தில் பெயரும் ஊரும் எழுதி, துணியில் சுற்றிப் பொம்மையோடு வைத்துவிட்டால் போதும். பசை போட்டு ஒட்ட வேண்டாம். விற்கத்தான் வேண்டும் என்றாலும், காகிதத்தோடு விற்றால் கடைக்காரரும் கூடக் கொடுப்பார். யார் வீட்டுப் பொம்மை என்று தெரிந்தால் வாங்குகிறவருக்கு அதில் ஒரு பிரியம்.

ஒற்றைப் பொம்மையை என்ன செய்கிறார்கள்? ஒரு வீட்டு ராஜாவையும் இன்னொரு வீட்டு ராணியையும் சேர்த்து, ஒரே பட்டுத் துணியில் சட்டை தைத்துப் போட்டு, ஜோடி என்று விற்பதும் உண்டு. கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. துணியை அவிழ்த்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். மர நிறம் ஒன்றாக இருக்கிறதா? பீடத்தின் உயரம் ஒன்றாக இருக்கிறதா? கண்ணையும் வாயையும் செதுக்கிய உளிக் கோடு ஒரே கையாக இருக்கிறதா? ஒருவர் மூக்கு முழுதாகவும் மற்றவர் மூக்கு தேய்ந்தும் இருந்தால் மட்டும் அவசரப்பட்டுப் போலி ஜோடி என்று சொல்லிவிட வேண்டாம். பல குழந்தைகள் இரண்டில் ஒன்றைத்தான் வாயில் வைத்திருக்கும். மற்றது கொலுப்படிக்கு மட்டும்.

அப்படிப்பட்ட ஜோடி கிடைத்தால், தேய்ந்த பொம்மையைக் காட்டியே விலையைக் குறைத்துக் கேளுங்கள். கடைக்காரர் குறைத்துத்தான் கொடுப்பார்.